பனியன் கம்பெனிக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர் பணியிடத் தரநிலைகளை ஆய்வது எப்படி

சர்வதேச வணிகம் படிக்கும் முதுகலை மாணவர்கள் ஆறு வாரம் ஏதாவதொரு நிறுவனத்தில் பயிற்சி பெற்று அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. கோவையில் படிப்பவர்களுக்கு அந்த நிறுவனம் பெரும்பாலும் திருப்பூரில்தான் அமைகிறது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பயிற்சி பெற்றேன்; ஏற்றுமதி ஆலைகளின் பணியிடத் தரநிலைகள் என்பதே என் தலைப்பு. மூன்றாம் வாரத்தில் நான் அனுப்பிய முதல் வரைவை எங்கள் பேராசிரியர் இரண்டே நாளில் திருப்பி அனுப்பினார். பதினான்கு பக்கங்களுக்கு அந்த ஆலை பெற்றிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாக விளக்கியிருந்த அந்த வரைவின் ஓரத்தில், "வரவேற்பறைச் சுவரைப் பார்த்து எழுதியதா?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். மீதமிருந்த மூன்று வாரங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, அடுத்து இதே வேலைக்குச் செல்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சான்றிதழுக்காகவோ ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையருக்காகவோ ஆடிட் செய்ய வருபவருக்குக் கிடைப்பது ஓரிரு நாட்கள். வருகை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்கும். உங்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது. ஆலை சாதாரண நாளில் எப்படி இருக்கிறது, ஆடிட் நாளில் எப்படி இருக்கிறது, ஷிப்மென்ட்டுக்கு முந்தைய வாரத்தில் எப்படி இருக்கிறது என்ற மூன்று நிலைகளையும் ஒரே ஆள் பார்க்கும் வாய்ப்பு வெளியாட்களில் மாணவருக்கு மட்டுமே அமைகிறது. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டால்கூட, "படிக்கிற பிள்ளை, தெரியாமல் கேட்கிறது" என்று மன்னித்துவிடுவார்கள் என்பது கூடுதல் வசதி.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

ஆலைக்குள் காலடி வைப்பதற்கு முன் மூன்று அடுக்குகளைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்: நாட்டின் சட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள், வாங்கும் நிறுவனத்தின் நடத்தை விதி. எஸ்ஏ 8000, ஸ்மெட்டா, பி.எஸ்.சி.ஐ., ராப் என்று ஆலைகளில் அன்றாடம் அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து சரிபார்க்கும் முறைகளே. அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயனில்லை. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒவ்வோர் அடுக்கும் என்ன சொல்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்பதில்தான் விஷயம் விளங்குகிறது.

வேலை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். நான் சென்றபோது பொருந்தியது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன்படி வாரத்துக்கு 48 மணி நேரமும் நாளொன்றுக்கு 9 மணி நேரமும் வழக்கமான வேலை நேரத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் சாதாரண ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணிக்கு மேல் போகக்கூடாது. மூன்று மாதத்தில் கூடுதல் நேரம் 50 மணியைத் தாண்டக்கூடாது, அவசர நெருக்கடிக்கு விலக்குப் பெற்றால் 75 வரை போகலாம். எஸ்ஏ 8000 உள்ளிட்ட பல விதிகளோ வாரத்துக்கு 48 மணியோடு 12 மணி கூடுதல் நேரத்தை அனுமதிக்கின்றன. வாரம் 12 என்றால் பதின்மூன்று வாரங்கள் கொண்ட காலாண்டுக்கு 156 மணி. ஆக, பையரின் தாளில் முழு மதிப்பெண் வாங்கும் ஆலை, நாட்டின் சட்டத்தை மூன்று மடங்கு மீறியிருக்க முடியும். இரண்டில் எது கடுமையோ அதுவே பொருந்தும் என்ற வரியும் அந்த நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் நான் பார்த்த சரிபார்ப்புப் படிவங்களில் 60 என்ற எண்தான் தடித்த எழுத்தில் இருந்தது, 50 என்ற எண் எங்கும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றிய 87ஆம் உடன்படிக்கையையும் கூட்டுப் பேரத்தைப் பற்றிய 98ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் ஐரோப்பிய, அமெரிக்கப் பையர்களின் நடத்தை விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கேட்கின்றன. இங்கே தனியார் நிறுவனத்தின் தாள் அரசு ஒப்புக்கொண்டதைவிட அதிகம் கோருகிறது. எந்த வரி எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று தெரியாமல் "தரநிலை" என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு எழுதுவதுதான் மாணவர் அறிக்கைகளின் பொதுவான குறை. என்னுடைய முதல் வரைவும் அதைத்தான் செய்திருந்தது.

நீங்கள் செல்லும்போது சட்ட அடுக்கே மாறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எத்தனை பேர் வேலை செய்தால் உணவகமும் குழந்தைக் காப்பகமும் வைக்க வேண்டும் என்ற எண்ணிக்கைகள் அவற்றில் வேறு. நீங்கள் சரிபார்க்கும் பதிவேடு எந்த மாதத்துக்குரியது, அந்த மாதத்தில் எந்தச் சட்டமும் எந்த மாநில விதியும் நடப்பில் இருந்தன என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வேலை நேரம் இங்கே எவ்வளவு சூடான பொருள் என்பதற்கு 2023ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றே போதும்: நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்த மசோதா அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

ஊரின் சொற்களைக் கேளுங்கள்

முதல் வாரத்தில் எதையும் சரிபார்க்க முயலாதீர்கள், சொற்களைச் சேகரியுங்கள். திருப்பூரில் வேலை நேரத்தை மணிக்கணக்கில் யாரும் பேசுவதில்லை, ஷிப்ட் கணக்கில் பேசுவார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். விடிய விடிய ஓடினால் இரண்டு ஷிப்ட், அதற்கும் மேல். "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்டுங்க?" என்று கேட்டால் "ஒன்பது" என்று பதில் வரும், ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக, ஒரு ஷிப்ட்டுக்குக் கூலி 520 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 520 என்றால் மணிக்கு 65. மாலை டீ இடைவேளைக்குப் பிறகு செய்யும் நான்கு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் என்ற பெயரில் 260 ரூபாய் சேர்கிறது. சட்டப்படி வழக்கமான வேலை நேரத்துக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பதால் மணிக்கு 130 வீதம் வர வேண்டும். நான்கு மணிக்கு 520. அதாவது பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவருக்கு இரண்டு ஷிப்ட் கூலி வர வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் வருகிறது. "ஒன்றரை ஷிப்ட்" என்ற சொல்லை ஒரு தொழிலாளி எந்த வருத்தமும் இல்லாமல், வழக்கச் சொல்லாகச் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள்ளேயே கூடுதல் நேரக் கூலியில் பாதி மறைந்துபோகிறது. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 72 மணி. கூடுதல் நேரம் 24. காலாண்டுக்கு உரிய 50 மணி வரம்பு மூன்றாம் வாரத்தின் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பதிவேடும் தேவைப்படவில்லை. டீக்கடையில் நின்று ஒரு சொல்லைக் கேட்டதே போதுமானதாக இருந்தது.

பீஸ் ரேட், காண்ட்ராக்ட், பவர் டேபிள், கைமடி, செக்கிங், காஜா பட்டன் போன்ற சொற்களையும் இப்படியே கேட்டு, யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார் என்று ஒவ்வொன்றின் அருகிலும் எழுதிக்கொள்ளுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்கும் கூடுதல் நேர ஊதியம் உண்டு என்பதைப் பல தொழிலாளர்கள் நம்பவே மாட்டார்கள். நானும் சட்டத்தைப் படிக்கும் வரை நம்பவில்லை.

பதிவேடுகளை ஒன்றோடொன்று பேசவிடுங்கள்

வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் ஆடிட்டருக்காகத் தயாராக இருப்பவை. அவற்றை எடுத்த எடுப்பில் நம்பவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம். ஆடிட்டை நினைக்காமல் வேறு தேவைக்காக யாரோ எழுதிவைத்த தாள்கள் ஆலையில் நிறைய இருக்கின்றன: வாயிற்காவலரின் நோட்டு, ஜெனரேட்டர் ஓடிய நேரமும் டீசல் அளவும், மெக்கானிக்கின் பழுதுக் குறிப்பு, ஃபினிஷிங் பிரிவின் தினசரி உற்பத்திக் கணக்கு, டீ எத்தனை என்று கேன்டீனில் கிறுக்கிய சீட்டு. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உடைந்த ஊசிப் பதிவேடு.

குழந்தைகள் உடையில் ஊசித்துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டால் பையர் முழு ஆர்டரையும் திருப்பி அனுப்பக்கூடும். அதனால் தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் செல்லோடேப்பால் ஒட்டி, மெஷின் எண், தேதி, நேரம், டெய்லரின் கையெழுத்து எல்லாம் எழுதிய பிறகுதான் புதிய ஊசி கொடுப்பார்கள். இது தரக்கட்டுப்பாட்டுக்கான நோட்டு. ஆகவே இதில் பொய் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. நான் அதைப் புரட்டியபோது மே 18 என்ற தேதியில் ஒரு பதிவு இருந்தது: ஓவர்லாக் மெஷின், மாலை 7.40, ஊசி மூன்று துண்டு, மூன்றும் கிடைத்தன. செல்லோடேப்புக்கு அடியில் ஊசிமுனை கொஞ்சம் துரு ஏறி, தாளில் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. 2025 மே 18 ஞாயிற்றுக்கிழமை. வருகைப் பதிவேட்டில் அன்று எல்லோருக்கும் வார விடுமுறை.

இங்கே அவசரப்படாதீர்கள். வார விடுமுறையை முன்னோ பின்னோ வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. மாற்று விடுமுறை கொடுத்திருக்கலாம். தேதியைத் தவறாக எழுதியிருக்கவும் கூடும். ஒரு முரண்பாடு கேள்வியை மட்டுமே எழுப்பும். இரண்டாவது தாளும் மூன்றாவது தாளும் அதையே சொன்னால்தான் அறிக்கையில் எழுதலாம். நான் வாயில் நோட்டைக் கேட்டேன். அன்று மாலை டீ கேன் உள்ளே போன பதிவு இருந்தது. ஜெனரேட்டர் நோட்டில் இரவு ஒன்பது வரை ஓடியதாக இருந்தது. மாற்று விடுமுறை எந்த நாள் என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன்; பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பயிற்சி முடியும் வரை பார்த்துச் சொல்லவில்லை.

சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது எளிது. ஒரு ஷிப்ட்டுக்கு 520 வீதம் 26 நாளுக்கு 13,520 ரூபாய் என்றால், வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,622 ரூபாய், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, அதாவது 102 ரூபாய். பிடித்தம் இதைவிடக் குறைவாக இருந்தால் தொழிலாளிக்கு லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தின் ஒரு பகுதி சீட்டுக்கு வெளியே, சனிக்கிழமை கவரில் போகிறது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

நடந்து பார்க்கும்போது

உற்பத்திக் கூடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு ஆயத்தப் பட்டியல்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை இங்கே திருப்பி எழுத விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது பயன்பட்ட தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டிங் மாஸ்டரின் இரும்பு வலைக் கையுறை பளபளவென்றிருந்தால் அது அலமாரியிலேயே வாழ்கிறது. தினமும் போடும் கையுறையின் வளையங்களுக்கிடையே பஞ்சு சிக்கியிருக்கும். 150 பேருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். குழந்தைக் காப்பகத்தில் தொட்டில் இருக்கலாம். பால் காய்ச்சிய பாத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அவசர வழிக் கதவை நீங்களே தள்ளித் திறந்து பாருங்கள், மதிய உணவு வேளையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.

கதவு விஷயத்தில் கூச்சப்படக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜன்னல்களில் கம்பிகள், வெளியேறும் வழிகளில் பூட்டு. அந்த ஆலை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 சான்றிதழ் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் விரிசல் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளத்துத் தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளிலும் பையர்களின் சார்பில் முன்னர் ஆய்வு நடந்திருந்தது, ஆனால் கட்டடம் நிற்குமா என்பது அந்த ஆய்வின் படிவத்தில் இல்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும் பையர்களும் சட்டப்படிக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள்.

என் நான்காம் வாரத்தில் ஆடிட் வந்தது. முந்தைய நாள் மாலை தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாக அடிக்கப்பட்டன. பெயிண்ட் காயாததால் செக்கிங் பெண்கள் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். எல்லோருக்கும் முகக்கவசம் வந்தது. அன்று ஐந்தரைக்கே மணி அடித்து அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வரும்போது, பதினைந்து ஆண்டுகளாகச் செக்கிங்கில் இருக்கும் ஓர் அம்மா என் தோளைத் தட்டி, "பாத்துக்க கண்ணு, ஆடிட்டுன்னா மட்டும் பொழுதோட வீட்டுக்கு. நாளைக்கு மறுபடியும் ஒன்றரைதானுங்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆடிட்டர் திறமை குறைந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். ஊசி நோட்டை அவரும் கேட்டார். ஆனால் அவருக்கு அன்று பார்க்க 40 கோப்புகள் இருந்தன.

தொழிலாளர்களிடம் பேசுவது

ஆலைக்குள், சூப்பர்வைசர் கண்ணில் படும் இடத்தில், கையில் நோட்டை வைத்துக்கொண்டு எவரிடமும் எதையும் கேட்காதீர்கள். பதிலால் உங்களுக்குப் பயனில்லை, பேசியவருக்கு மறுநாள் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில், பேருந்தில், குடியிருப்பு வளாகத்தின் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு தானாகவே வரும். "உங்களுக்கு வேலை நேர விதிகள் தெரியுமா?" என்று கேட்காமல், "நேற்று சாப்பிட எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவர்கள் விடுதியில் தங்கியிருந்தால், அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆலையின் ஆளையே அழைத்துச் செல்ல வேண்டாம். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் இந்தி எனக்குப் போதுமானதாக இருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள் அவர்கள் படிக்கும் எழுத்தில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தன, ஒடியாவில் இல்லை.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றி நேராகக் கேட்க முடியாது, சுற்றியும் கேட்கக்கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். குழுவின் பட்டியல் பெரும்பாலும் ஆலைச் சுவரில் பிரேம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு போய், பட்டியலில் உள்ள ஒரு பெண்ணிடம், "அக்கா, நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நான் கேட்ட அக்கா கேன்டீன் கமிட்டி என்று சொன்னார்.

இந்தப் பகுதியில் என்ன நடக்கக்கூடும் என்பதை அறிய இரண்டு செய்திகளை முன்னதாகப் படித்துவிட்டுச் செல்லுங்கள். முதலாவது சுமங்கலித் திட்டம் எனப்பட்டது. இளம்பெண்களை மூன்றாண்டுக் காலத்துக்கு நூற்பாலைகளின் விடுதிகளில் தங்கவைத்து, திருமணச் செலவுக்கு உதவும் என்று சொல்லி ஊதியத்தின் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதாகக் கூறிய முறை. இரண்டாவது, 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்களே முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று, ஆலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டுப் பையர்களுடனும் 2022இல் செய்துகொண்ட திண்டுக்கல் உடன்படிக்கை. அதன்படி உற்பத்திக் கூடத்தின் நிலைமையைக் கண்காணிப்பவர்களாக இருந்தவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளர்களே. வருடத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்கும் ஆடிட்டருக்கு மாற்றாக வேறென்ன செய்ய முடியும் என்று யோசிக்கும் மாணவர் படிக்க வேண்டிய முதல் ஆவணம் இதுவே என்பது என் கருத்து.

மெர்சண்டைசர் மேசையில் ஒரு வாரம்

மாணவர்களில் பலர் ஆலையின் குற்றங்களைப் பட்டியலிட்டதோடு அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். சர்வதேச வணிகம் படிப்பவர் அங்கே நிறுத்தக்கூடாது. ஆர்டர் கடல் கடந்து வருகிறது, அதன் தேதியும் விலையும் அங்கேதான் முடிவாகின்றன. எனவே ஆறு வாரத்தில் ஒரு வாரத்தையாவது, பையருடன் ஆர்டர் விவரங்களைப் பேசிக் கவனிக்கும் மெர்சண்டைசர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஓர் ஆர்டரின் கடிதப் போக்குவரத்தை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதற்கு ஒதுக்குங்கள். சாம்பிள் அனுப்பிய நாள், ஒப்புதல் வர வேண்டிய நாள், வந்த நாள், நிறம் மாற்றிய நாள், ஷிப்மென்ட் நாள் என ஐந்து தேதிகளைத் தனித்தாளில் எழுதுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30,000 டி-ஷர்ட்; எட்டு மணி நேரத்தில் 1,500 தைக்கும் திறன்; ஆக 20 வேலை நாள். பையர் அலுவலகத்தில் யாரோ விடுமுறையில் போனதால் ஒப்புதல் ஐந்து நாள் தாமதமாகிறது. கப்பல் தேதி மட்டும் அசையவில்லை. மீதி 15 நாளில் தினமும் 2,000 தைக்க வேண்டும். அதற்குத் தேவை 10 மணி 40 நிமிடம். சட்டத்தின் 9 மணி அந்த மின்னஞ்சல் வராத வாரத்திலேயே உடைந்துவிட்டது. ஆலை மறுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் மெர்சண்டைசர் அண்ணனிடம் கேட்டேன். "விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், செலவு நம் தலையில், அந்தச் செலவில் இந்த ஆர்டரின் லாபம் மட்டுமல்ல, அடுத்த ஆர்டரின் லாபமும் போய்விடும்" என்றார். அதே பையரின் நடத்தை விதி, வேலை நேர வரம்பைப் பற்றி, அவருடைய மேசைக்குப் பின்னால் நான்கு வண்ணத்தில் மாட்டியிருந்தது.

இந்த வேறுபாட்டை அறிக்கையில் எழுதுவதற்கான சட்டகம் ஏற்கனவே இருக்கிறது. 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டும் நெறிகள், தன் வணிக உறவுகளின் வழியே நேரும் பாதிப்பையும் தடுக்கவோ குறைக்கவோ ஒரு நிறுவனம் முயல வேண்டும் என்கின்றன. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் பெரிய நிறுவனங்களுக்கு அதில் ஒரு பகுதியைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. ஆனால் நடைமுறையில் சுமை இறங்கும் திசை வேறு. நான் திரும்பிய பிறகு, 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியபோது, ஆர்டரை நிறுத்திவைத்த பையர்களும் விலையில் தள்ளுபடி கேட்ட பையர்களும் இருந்தார்கள் என்று அதே அண்ணன் தொலைபேசியில் சொன்னார். தள்ளுபடி எந்தப் பிரிவிலிருந்து எடுக்கப்படும் என்று நான் கேட்கவில்லை.

பவர் டேபிள்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்யும் அந்த இடங்களுக்கு ஆடிட் எட்டுவதே அரிது. வாயில் நோட்டில் வெளியே போகும் கட்டிங் பண்டல்களை எண்ணுங்கள். உள்ளே தைக்காத எத்தனை உருப்படிகள் அந்த ஆலையின் பெயரில் கப்பலேறுகின்றன என்று ஓரளவு தெரியும். அடுத்து வரும் ஒருவர் அதை மட்டுமே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது

ஒவ்வொரு கண்டறிதலுக்கும் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: எதைப் பார்த்தேன், எந்தெந்தத் தாள்கள் அதை உறுதிப்படுத்துகின்றன, எந்த அடுக்கின் எந்த விதி பொருந்துகிறது, அந்த நிலைக்குக் காரணமான முடிவு எங்கே எடுக்கப்பட்டது. நான்காவதை எழுதத் தொடங்கியதும் அறிக்கையின் தொனியே மாறிவிடும். மனிதவள அதிகாரியை வில்லனாக்கி எழுதும் ஆசை போய்விடும். ஆலை நல்லபடியாகச் செய்வதையும் அதே நுணுக்கத்தோடு எழுதுங்கள். நான் சென்ற ஆலையில் குடிநீரும் கழிப்பறையும் குறை சொல்ல முடியாதவை. டோக்கன் வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போகும் வழக்கத்தை இரண்டாண்டுக்கு முன் ஒரு பையரின் வற்புறுத்தலால் நிறுத்தியிருந்தார்கள். ஆடிட்டால் எந்தப் பயனும் இல்லை என்று எழுதவிருந்த என்னை நிறுத்தியது அந்த ஒரு செய்திதான்.

அறிக்கையை ஆலையிடம் காட்ட வேண்டியிருக்கும். மே 18 பற்றிய பத்தியை நீக்கச் சொன்னார்கள். பேராசிரியரிடம் கேட்டபோது, ஆலையின் பெயரையும் தேதியையும் நீக்கிவிட்டு, ஒரு வார விடுமுறை நாளில் மூன்று பதிவேடுகள் வேலை நடந்ததாகக் காட்டுகின்றன, மாற்று விடுமுறைக்கான பதிவு கேட்டும் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன், அவர்களும் கையெழுத்திட்டார்கள். இங்கே தேதியோடு எழுத முடிந்ததற்குக் காரணம், எந்த ஆலை என்பதை இதில் எங்கும் நான் சொல்லாததுதான்.

கடைசியாகக் குறிப்பேடு. தொழிலாளர்களின் பெயர், மெஷின் எண், ஊர், விடுதி அறை எண் ஆகியவை இருக்கும் பக்கங்களை வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே கிழித்து எரித்துவிடுங்கள். கைபேசியில் எடுத்த படங்களையும் அழித்துவிடுங்கள். ஊசி நோட்டிலிருந்து நான் கையால் பார்த்தெழுதிய தாளில் அந்த டெய்லரின் கையெழுத்தையும் அப்படியே வரைந்து வைத்திருந்தேன் என்பது, எரிக்க எடுத்தபோதுதான் என் கண்ணில் பட்டது.